கார் புதிது! ரிப்பேர் ஏன்?

வாசலில் புதுக் கார் வந்து நிற்கிறது.

நல்ல உயரம். பெரிய சக்கரங்கள். முன்பக்கத்தில் சந்தனம், குங்குமம், மாலை. நான்கு சக்கரங்களுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. வண்டி மெல்ல நகருகிறது. பழங்கள் நசுங்குகின்றன. வீட்டார் முகத்தில் பெருமை பொங்குகிறது.

ஆறு மாதம் போகிறது.

ஒரு நாள் காலை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுத் திரும்பும் நேரம். ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன விளக்கு எரிகிறது. இரண்டு நாள் கழித்து இன்னொரு விளக்கு. அப்புறம் வண்டி இழுக்க மறுக்கிறது. எவ்வளவு மிதித்தாலும் வேகம் எடுக்கவில்லை.

"புது வண்டியில் இப்படியா?" என்று வீடே திகைக்கிறது.

'எஸ்.யு.வி.' என்று சொல்லப்படும் உயரமான கார் வாங்கியவர்கள் பலர் இந்தக் கேள்வியோடு ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்கிறார்கள். இந்தியாவில் இப்போது விற்பனையாகும் கார்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான். ஆகவே, இவற்றில் அடிக்கடி வரும் கோளாறு எது, அது ஏன் வருகிறது, வண்டியை வைத்துக் காப்பாற்ற மாதம் எவ்வளவு ஆகும் என்பதெல்லாம் தெரிந்திருப்பது நல்லது. வாங்குவதற்கு முன்பே தெரிந்திருந்தால் இன்னும் நல்லது.

புகைக்குழாயில் ஒரு வடிகட்டி

முதலில் அந்த மஞ்சள் விளக்கு.

2020-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி 'பி.எஸ்.6' என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நாடு முழுவதும் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய விதிப்படி, சாதாரண டீசல் கார் ஒரு கிலோ மீட்டர் ஓடினால் 25 மில்லிகிராம் வரை கரித்தூளை வெளியே விடலாம். புதிய விதியில் அந்த அளவு நாலரை மில்லிகிராம். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை!

இவ்வளவு கரியை எப்படித் தடுப்பது? புகைக்குழாயில் ஒரு வடிகட்டியை வைத்தார்கள். மெக்கானிக்குகள் 'டி.பி.எப்.' என்று சொல்வது இதைத்தான். தேன்கூடு போலச் சின்னச் சின்ன அறைகள் கொண்டது. புகை உள்ளே நுழையும். கரி அங்கேயே தங்கிவிடும். கரி நீங்கிய புகை வெளியே போகும்.

வீட்டில் டீ வடிகட்டி இருக்கிறது. சக்கை நிறைந்தால் டீ இறங்காது. தட்டிக் கொட்டிவிடுகிறோம். கார் வடிகட்டியைத் தட்டிக் கொட்ட முடியாது. உள்ளே சேர்ந்த கரியை எரித்துத்தான் தீர்க்க வேண்டும்.

அந்த வேலையைக் காரே செய்துகொள்ளும். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக டீசலைச் செலுத்தி, புகையின் சூட்டை ஏறக்குறைய 600 டிகிரிக்கு உயர்த்தும். கரி எரிந்துபோகும். ஆனால் அதற்கு, வண்டி பதினைந்து இருபது நிமிடம் தடையில்லாமல் ஓட வேண்டும்.

வினை இங்கேதான்.

பள்ளிக்கூடம் 2 கிலோ மீட்டர். மார்க்கெட் 1 கிலோ மீட்டர். கோவில் அடுத்த தெரு. என்ஜின் நன்றாகச் சூடேறுவதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. கரியை எரிக்கும் வேலை பாதியில் நிற்கிறது. மறுநாளும் அதே கதை. கரி மட்டும் சேர்ந்துகொண்டே போகிறது. ஓர் அளவைத் தாண்டியதும், என்ஜினைக் காப்பாற்றுவதற்காகக் கார் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். வண்டி இழுக்காமல் போனதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு கெடுதலும் உண்டு. கரியை எரிக்கச் செலுத்திய டீசலில் ஒரு பகுதி, சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துவிடும். அளவுக் குச்சியை இழுத்துப் பார்த்தால் ஆயில் மட்டம் கூடியிருக்கும். ஆயில் குறைந்தால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். இந்த வண்டிகளில், கூடினாலும் ஆபத்துதான்.

விளக்கு எரிந்தால்?

முதல் விளக்கு எரிந்ததும் பயப்பட வேண்டியதில்லை. அலட்சியமும் கூடாது.

வண்டியை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோக வேண்டும். 60 முதல் 80 கிலோ மீட்டர் வேகத்தில், ஒரு கியர் குறைவாக வைத்து, இருபது நிமிடம் ஒரே சீராக ஓட்ட வேண்டும். பெரும்பாலும் விளக்கு தானாகவே அணைந்துவிடும். ஒவ்வொரு வண்டிக்கும் உரிய வேகமும் முறையும் அதனுடன் தரும் கையேட்டில் இருக்கும்.

அணையாவிட்டால் ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரை இணைத்து, நின்ற இடத்திலேயே கரியை எரிப்பார்கள். இது சில ஆயிரம் ரூபாயில் முடியும் வேலை. அதையும் தள்ளிப்போட்டால் வடிகட்டியையே மாற்ற நேரும். பல வண்டிகளில் அதன் விலை லட்சம் ரூபாயை எட்டும்.

ஆயில் விஷயத்திலும் கவனம் வேண்டும். இந்த என்ஜின்களுக்கென்று சாம்பல் குறைந்த ஆயில் இருக்கிறது. விலை குறைவு என்று வேறு ஆயில் ஊற்றினால் வடிகட்டியில் சாம்பல் அடையும். கரியையாவது எரிக்கலாம். சாம்பலை எரிக்க முடியாது!

பெரிய டீசல் வண்டிகள் சிலவற்றில் இன்னொரு சின்ன டாங்கியும் உண்டு. அதில் யூரியா கலந்த நீர் ஊற்ற வேண்டும். புகையில் உள்ள நச்சு வாயுவைக் குறைப்பதற்காக இந்த ஏற்பாடு. அந்த நீர் தீர்ந்த நிலையில் என்ஜினை அணைத்தால், மறுபடி ஸ்டார்ட் ஆகாது. மறந்துபோய் அதை டீசல் டாங்கியில் ஊற்றிவிட்டால் பெரும் நஷ்டம். அப்படி நேர்ந்தால் சாவியைத் தொடக்கூடாது. வண்டியை இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

ஊருக்குள் மட்டும் ஓடும் குடும்பத்துக்கு டீசல் வண்டி ஏன் பொருந்தாது என்பது இப்போது விளங்கும். வாரத்தில் சில நாளாவது நெடுஞ்சாலையில் போய் வருகிறவருக்கு அதே வண்டி பல வருடம் தொல்லை இல்லாமல் உழைக்கும். வண்டி ஒன்றுதான். ஓடும் பாதைதான் வேறு.

நெரிசலில் சூடாகும் கியர்

பொங்கலுக்கு முந்தின நாள் மாலை. பெருங்களத்தூரில் கார்கள் எறும்பு வரிசைபோல ஊர்கின்றன. அடிக்கு அடி பிரேக்.

கிளட்ச் மிதி இல்லாத கார் வைத்திருப்பவருக்கு இந்த நேரத்தில் கால்வலி இல்லை. ஆனால் சில கார்களுக்கு வலி உண்டு.

அவற்றில் 'இரட்டை கிளட்ச்' கியர் என்று ஒரு வகை இருக்கிறது. கியர் மாறுவதே தெரியாது. அவ்வளவு நயம். ஆனால் அதில் காற்றினால் மட்டும் குளிரும் ரகம், ஊர்ந்து போகும் நெரிசலில் சூடேறிவிடும். கிளட்ச் தகடு முழுவதும் ஒட்டாமலும், முழுவதும் விலகாமலும் உராய்ந்துகொண்டே இருப்பதுதான் காரணம். அளவு மீறினால் எச்சரிக்கை வரும். வண்டியை ஓரமாக நிறுத்தி ஆறவிட வேண்டும்.

இதைத் தவிர்க்க ஒரு சுலப வழி இருக்கிறது. முன்னால் உள்ள கார் ஒரு முழம் நகர்ந்ததும் கூடவே நகரக்கூடாது. நாலைந்து கார் நீளம் இடைவெளி விழட்டும். பிறகு ஒரேயடியாகப் போகலாம். மேட்டில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரை மிதித்து வண்டியைப் பிடித்து வைக்கக்கூடாது. அதற்குத்தான் பிரேக் இருக்கிறது.

மலையிலிருந்து இறங்கும்போது வேறு ஆபத்து. இந்தக் கார்களில் பல, ஆள் ஏறுவதற்கு முன்பே ஒன்றரை டன்னுக்குக் குறையாத கனம். உதகையிலிருந்து இறங்கும்போது வழி முழுவதும் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது காய்ந்து பிடிப்பை இழக்கும். பழைய லாரி டிரைவர்கள் சொல்லும் விதி ஒன்று உண்டு: ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர். தானாகக் கியர் மாறும் காரிலும், கியரைக் கையால் குறைத்துக்கொள்ள வசதி இருக்கிறது.

உயரம் இருந்தால் வெள்ளம் ஒன்றும் செய்யாதா?

2024-ம் ஆண்டு அக்டோபர். சென்னைக்குக் கனமழை வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. மழை வலுப்பதற்கு முன்பே வேளச்சேரி மேம்பாலத்தின் மீது கார்கள் வரிசையாக வந்து நின்றன! 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் பட்ட பாடு அப்படி.

உயரமான கார் வைத்திருப்பவர்கள், "நம் வண்டிக்கு என்ன?" என்று தண்ணீரில் இறங்கிவிடுகிறார்கள். என்ஜின் மூச்சு விடுவது காற்றுக் குழாய் வழியாக. அந்த வாய்க்குள் தண்ணீர் போனால் தீர்ந்தது. காற்றை அமுக்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளைந்துவிடும். சில சமயம் என்ஜினே உடையும்.

தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்து பார்ப்பதுதான் பெரிய தவறு. பாதி நஷ்டத்தை முழு நஷ்டமாக்குவது அந்த ஒரு முயற்சிதான். மேலும், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் என்ஜின் கெட்டது என்றால், சாதாரண இன்சூரன்சில் பணம் கிடைப்பது கடினம். 'என்ஜின் பாதுகாப்பு' என்று தனியாக ஒரு சேர்க்கை இருக்கிறது. தாழ்வான பகுதியில் வசிப்பவர்கள் அதைக் கேட்டு வாங்குவது நல்லது.

எலியும் வேப்பம்பூவும்

பெரிய கோளாறுகளைவிடச் சின்னக் கோளாறுகள்தான் அடிக்கடி பணம் பறிக்கும்.

கூரையில் கண்ணாடித் திறப்பு உள்ள கார்களைக் குழந்தைகளுக்குப் பிடிக்கும். அந்தத் திறப்பைச் சுற்றித் தண்ணீர் வடிவதற்குச் சிறு துளைகள் இருக்கின்றன. வேப்ப மரத்தடியில் நிறுத்தினால் பூவும் சருகும் அவற்றை அடைத்துவிடும். அடுத்த மழையில் தண்ணீர் உள்ளே சொட்டும். சீட் நனையும். அடியில் ஓடும் ஒயர்களும் கெடும். மழைக்காலத்துக்கு முன் அந்தத் துளைகளைச் சுத்தம் செய்தால் போதும்.

நாள் கணக்கில் ஓடாமல் நிற்கும் காரில் எலி குடியேறும். ஒயரைக் கடிக்கும். ஓர் ஒயர் அறுந்தால் பழைய காரில் ஒரு விளக்கு எரியாது. புதிய காரில் பத்து எச்சரிக்கைகள் எரியும்! நிறுத்தும் இடத்தில் குப்பையும் தின்பண்டமும் இல்லாமல் பார்த்துக்கொள்வதும், அவ்வப்போது என்ஜின் மூடியைத் திறந்து பார்ப்பதும்தான் மருந்து.

முன்னால் போகும் வண்டியைத் தானே கவனித்து பிரேக் பிடிக்கும் கார்கள் வந்திருக்கின்றன. இவற்றில் பல, முன் கண்ணாடிக்குப் பின்னால் காமிராவும், முன்பக்கத்தில் ரேடாரும் கொண்டவை. கல் பட்டு அந்தக் கண்ணாடி உடைந்தால், கண்ணாடியை மாற்றுவதோடு வேலை முடியாது. காமிராவின் பார்வையை மறுபடி சரிப்படுத்த வேண்டும். அதற்குத் தனிக் கூலி.

டயரும் அப்படியே. சக்கரம் பெரிதாக ஆக, டயர் விலையும் ஏறும். 16 அங்குல சக்கரத்துக்கும் 18 அங்குல சக்கரத்துக்கும் உள்ள வித்தியாசம், பார்வைக்கு அழகு, மாற்றும்போது செலவு. காற்றைச் சரியாக வைத்து, 10 ஆயிரம் கிலோ மீட்டருக்கு ஒரு முறை டயர்களை இடம் மாற்றினால் அதிக நாள் உழைக்கும். டயரின் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும்.

விலைக்கு மேல் விலை

இனி பணக் கணக்கு.

காரின் விலையில் வரிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல், 4 மீட்டருக்கு மேல் நீளாத கார்களில், 1200 சி.சி.க்கு உட்பட்ட பெட்ரோல் காருக்கும், 1500 சி.சி.க்கு உட்பட்ட டீசல் காருக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம். அதற்கு மேற்பட்ட பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40 சதவிகிதம். பல எஸ்.யு.வி.க்கள் சரியாக 3 ஆயிரத்து 995 மில்லிமீட்டர் நீளத்தில் நிற்பது ஏன் என்று இப்போது தெரிகிறதல்லவா?

அதன்மேல் தமிழ்நாட்டில் ஆயுள் சாலை வரி. 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட கணக்குப்படி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 சதவிகிதம். 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவிகிதம். அதற்கும் மேலே 20 சதவிகிதம். 10 லட்ச ரூபாய் காருக்கு வரி 1 லட்சத்து 30 ஆயிரம். விலை 10 லட்சத்து 10 ஆயிரமாக இருந்தால் வரி 1 லட்சத்து 81 ஆயிரத்து 800! பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு அலங்காரச் சாமான் உள்ள ரகத்தை எடுக்கப்போய், வரியில் ஐம்பதாயிரம் கூடிவிடுகிறது.

இன்சூரன்சில் ஒரு நுட்பம். மோதலில் பம்பர் உடைந்தால், பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் சாதாரண பாலிசியில் கிடைக்கும். கார் புதிதாக இருந்தாலும் அப்படியே. தேய்மானம் பிடிக்காத பாலிசிக்குக் கூடுதல் பணம் கட்ட வேண்டும். முதல் சில வருடங்களுக்கு அது தகும். சின்னக் கீறலுக்கெல்லாம் இன்சூரன்ஸ் கேட்பதும் லாபம் அல்ல. ஐந்து வருடம் ஒன்றும் கேட்காமல் இருந்தால், சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவிகிதம் வரை தள்ளுபடி உண்டு. ஒரு முறை கேட்டுவிட்டால் அது போய்விடும்.

ஒரு மாதக் கணக்கு

15 லட்ச ரூபாய் கார் ஒன்றை ஒரு குடும்பம் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சாலை வரி மட்டும் 2 லட்சத்து 70 ஆயிரம். 10 லட்ச ரூபாய் கடன். வட்டி 9 சதவிகிதம். ஏழு வருடத் தவணை. மாதம் ஆயிரம் கிலோ மீட்டர் ஓட்டம்.

கடன் தவணை: 16 ஆயிரத்து 90 ரூபாய்.

டீசல், லிட்டருக்கு 14 கிலோ மீட்டர், விலை 92 ரூபாய் என்று கொண்டால்: 6 ஆயிரத்து 570 ரூபாய்.

இன்சூரன்ஸ், வருடம் 36 ஆயிரம் என்றால் மாதத்துக்கு: 3 ஆயிரம் ரூபாய்.

சர்வீஸ், வருடம் 15 ஆயிரம் என்றால் மாதத்துக்கு: 1,250 ரூபாய்.

நான்கு டயருக்காக எடுத்து வைப்பது: ஆயிரம் ரூபாய்.

மொத்தம், ஏறக்குறைய 28 ஆயிரம் ரூபாய். அதாவது, ஒரு கிலோ மீட்டருக்கு 28 ரூபாய்! இதில் ரிப்பேர் சேரவில்லை. டோல்கேட் சேரவில்லை. வண்டியின் மதிப்பு குறைவதும் சேரவில்லை. இன்சூரன்ஸ் கணக்கிலேயே, நாலு வருடம் தாண்டிய வண்டிக்குப் பாதி மதிப்புதான்.

தவணைக் காலத்திலும் ஏமாந்துவிடக்கூடாது. அதே கடனை ஐந்து வருடத்தில் தீர்த்தால், மாதத் தவணை 20 ஆயிரத்து 760 ரூபாய் ஆகும். ஆனால் வட்டியில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் மிச்சம். ஐந்து வருடத் தவணை கட்ட முடியாத வண்டி, அந்தக் குடும்பத்துக்குக் கொஞ்சம் பெரிய வண்டிதான்.

நியாயம் கேட்க வழி

எல்லாக் கோளாறும் சொந்தக்காரர் தவறால் வருவதல்ல. தயாரிப்பிலேயே குறை இருக்கலாம். அப்படிப்பட்ட குறை தெரியவந்தால், கம்பெனி வண்டிகளைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்யும். சேசிஸ் நம்பரைச் சொல்லி, தம் வண்டிக்கு அப்படி ஏதும் அழைப்பு உண்டா என்று விசாரிக்கலாம்.

வாரண்டி காலத்தில் ஒவ்வொரு சர்வீஸ் ரசீதையும் பத்திரப்படுத்த வேண்டும். புகாரை வாயால் சொன்னால் போதாது. ஜாப் கார்டில் எழுதவைத்து, நகல் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரே கோளாறு மூன்று முறை வந்தது என்பதற்கு அந்தக் காகிதம்தான் சாட்சி.

அப்படியும் தீராவிட்டால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்கும் போடலாம். வழக்குக்குக் காரணமான சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

வாங்குமுன் ஒரு வாரம்

கார் வாங்க நினைக்கும் குடும்பம் முதலில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதற்கு ஒரு பைசா செலவில்லை.

ஒரு வாரம், வீட்டில் யார் எங்கே போனார்கள், எத்தனை கிலோ மீட்டர், எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். பள்ளிக்கூடம், ஆபீஸ், கடை, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும். வாரக் கடைசியில் அந்தப் பக்கத்தை வீட்டார் எல்லோரும் சேர்ந்து படித்துப் பார்க்க வேண்டும்.

எல்லாம் இரண்டு மூன்று கிலோ மீட்டர் பயணமா? டீசல் வேண்டாம். தினமும் நெரிசலா? எந்த வகைக் கியர் என்று கேட்டு விசாரிக்க வேண்டும். ஏழு பேர் சேர்ந்து போவது வருடத்தில் இரண்டு நாள்தானா? அந்த இரண்டு நாளைக்கு வாடகை வண்டி எடுத்தால் லாபம்.

ஷோரூமில் விற்பனையாளர் காரைப் பற்றி எல்லாம் சொல்வார். குடும்பத்தின் பாதையைப் பற்றி அவருக்குத் தெரியாது. அது அந்த நோட்டில்தான் இருக்கும்.

அதைப் பார்த்து வாங்கிய வண்டிக்கு, எலுமிச்சம்பழம் நசுங்கிய பிறகும் வீட்டில் சிரிப்பு இருக்கும்.